துவைத்த துணியில் வெள்ளைப் பிசிறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

துவைத்து எடுத்த கறுப்பு பேன்ட்டில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தால், சரியாக அலசவில்லை என்று நினைத்து மறுபடியும் மெஷினில் போடத்தான் கை போகும். போடாதீர்கள். பிசிறு அழுக்கு அல்ல. இன்னொரு துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு அது. சோப்பில் கரையாது, ஈரத்தில் இன்னும் இறுக ஒட்டும். உதிர்த்த துணியும், மெஷினுக்குள் பஞ்சைப் பிடிக்கும் வலையில் அடைப்பும் அப்படியே இருக்க, இன்னொரு முறை சுற்றினால் கூடுமே தவிரக் குறையாது.

துணியை முதலில் முழுக்கக் காய விடுங்கள். காய்ந்த பிறகு ஒட்டியிருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பஞ்சு இல்லை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதல் சோதனை: ஒரு துண்டு செல்லோடேப்

டேப்பைத் துணியில் அழுத்தி உரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

- முடி போல மெல்லிய இழைகள் வந்திருந்தால், அது பிசிறு. அறிகுறி 1 முதல் 4 வரை.
- செதில் செதிலாக, இழை இல்லாமல் வந்து, ஈர விரலில் உருட்டினால் கூழானால், காகிதம். அறிகுறி 5.
- மாவு போலப் படிந்தால், அல்லது துணியை நனைத்ததும் மறைந்து காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால், சோப்புத்தூளோ தண்ணீரின் உப்போ. அறிகுறி 6.
- டேப்பில் வராமல் துணியோடு கோத்துக்கொண்டு நின்றால், அது அதே துணியின் நூல் உருண்டை. அறிகுறி 7.
- கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழப்பான துணுக்கு என்றால், மெஷின் உள்ளே படிந்த அழுக்கு. அறிகுறி 8.

மெஷினிலிருந்து எடுக்கும்போது சுத்தமாக இருந்து, கொடியில் காய்ந்த பிறகு வந்ததென்றால் நேராக அறிகுறி 9-க்குப் போகலாம்.

அறிகுறி 1: கறுப்பு, கருநீலத் துணிகளில் மட்டும், மற்றவை சுத்தம்

மெஷினில் கோளாறு இல்லை. சேரக்கூடாத துணிகள் சேர்ந்திருக்கின்றன. வெள்ளை வேறு, கலர் வேறு என்று பிரிக்கும் வழக்கம் சாயம் ஒட்டாமல் இருக்கத்தான் உதவும். பிசிறுக்கு அந்தப் பிரிப்பு போதாது. பஞ்சு கொடுக்கும் துணி எது, பஞ்சு வாங்கும் துணி எது என்று பிரிக்க வேண்டும்.

கொடுப்பவை: டர்கி டவல், புது லுங்கி, புதுப் பருத்திப் போர்வை, ஃபிளானல், சமையலறைக் கைத்துணி, மிதியடி, நைந்துபோன பனியன். வாங்குபவை: பாலியஸ்டர் பேன்ட், லெக்கிங்ஸ், பள்ளிச் சீருடையின் கருநீலப் பாவாடை, வெல்வெட், கார்டுராய், மைக்ரோஃபைபர் துடைப்புத் துணி. மைக்ரோஃபைபரை டவலோடு போட்டால் அது பஞ்சை வாங்கி விடவே விடாது. அந்த வேலைக்காகவே நெய்யப்பட்ட துணி அது.

காரணம் நூலில் இருக்கிறது. பருத்தி நூல் என்பது சில சென்டிமீட்டர் நீளமே உள்ள இழைகளை முறுக்கிச் சேர்த்தது. டர்கி டவலில் நூல் வளையம் வளையமாக வெளியே நிற்கும். தண்ணீரை உறிஞ்ச வேண்டும் என்பதால் முறுக்கும் தளர்வு. உரசும்போது குட்டை இழைகள் உருவிக்கொண்டு வரும். மெல்லிய நெசவுள்ள குற்றாலத் துண்டில் இந்த வளையம் கிடையாது, அதனால் உதிர்வதும் குறைவு. வீட்டில் கறுப்புத் துணி அதிகம் புழங்கினால் துண்டை மாற்றுவதே பாதித் தீர்வு.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகளில் இதைத் தினமும் பார்க்கலாம். கறுப்பு வேட்டியும் வெள்ளைத் துண்டும் ஒரே வாளியில் நனையும். வேட்டி பருத்திதான், ஆனாலும் கறுப்பில் ஒவ்வொரு இழையும் எடுப்பாகத் தெரியும். அந்த 41 நாட்களுக்கு வேட்டிக்கென்று ஒரு வாளியை ஒதுக்கிவிடுவது நல்லது.

புது டவலும் புது லுங்கியும் முதல் சில துவைப்பில்தான் அதிகம் உதிர்க்கும். முதல் மூன்று முறை தனியாகத் துவையுங்கள். பிளீச்சிங் கலந்த எதையும் டவலில் விடாதீர்கள். குளோரின் பருத்தி இழையை அரிக்கும், அப்புறம் அந்த டவல் கிழியும் வரை உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

பனியன், டீ சர்ட் வாங்கும்போது துணியைக் கேட்டு வாங்கினால் பின்னால் வேலை குறையும். கோம்டு காட்டன் என்றால் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பிறகு நூற்றது. பயோ வாஷ் என்றால், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் செய்வதுபோல, செல்லுலேஸ் என்ற நொதியைக் கொண்டு துணியின் மேல் நிற்கும் பஞ்சை அரித்து எடுத்தது. இரண்டுமே பிசிறு குறைவாக விடும்.

ஏற்கெனவே ஒட்டியதை எடுக்க:

1. ஈரம் துளியும் இல்லாமல் காய வைக்கவும். அரைகுறை ஈரத்தில் தேய்த்தால் பஞ்சு நெசவுக்குள் இறங்கிவிடும்.
2. மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய், இடுப்புப்பட்டியைப் பிடித்துச் சாட்டை சொடுக்குவதுபோல நாலைந்து முறை உதறவும். பாதி இதிலேயே போய்விடும்.
3. மேசையில் விரித்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக ஈரப்படுத்திப் போட்டுக்கொண்டு, ஒரே திசையில் மேலிருந்து கீழாக வழிக்கவும். பஞ்சு திரிதிரியாகச் சேர்ந்து வரும். முன்னும் பின்னும் தேய்த்தால் வராது.
4. மிச்சத்துக்கு லின்ட் ரோலர் (பசைத்தாள் சுற்றிய உருளை). இல்லையென்றால் அகலமான பேக்கிங் டேப்பை, பசை வெளியே இருக்கும்படி கையில் சுற்றி ஒற்றி எடுக்கவும். பட்டிலும் ஜரிகையிலும் டேப் படவே கூடாது. அங்கே மென்மையான துணி பிரஷ் மட்டும்.
5. இதற்குப் பிறகும் மங்கலாகத் தெரிந்தால், சோப்பு இல்லாமல், அந்தத் துணியை மட்டும் வாளி நிறையத் தண்ணீரில் அமிழ்த்தி அலசி, மூடி அளவு துணிக் கண்டிஷனர் விட்ட கடைசித் தண்ணீரில் முக்கி எடுக்கவும்.

கண்டிஷனர் இழைக்கு வழுவழுப்புத் தருவதால் பஞ்சு பிடி விடும். டவலுக்கு மட்டும் வேண்டாம், உறிஞ்சும் தன்மை போய்விடும்.

அறிகுறி 2: எல்லாத் துணியிலும், ஒவ்வொரு முறையும், ஈரச் சாம்பல் கட்டிகளாக

பஞ்சு வலை நிரம்பியிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. டாப் லோட் மெஷினில் டிரம்மின் உட்சுவரில் கைப்பை போல ஒரு வலையோ, கிளிப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியோ இருக்கும். சிலவற்றில் இரண்டு. செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்கும் டப்பின் சுவரில் ஒன்று.

வலையைக் கழற்றி ஒருநாள் காய விடுங்கள். காய்ந்த பஞ்சு ஒரே தகடாக உரிந்து வரும். ஈரத்தில் நோண்டினால் வலைதான் கிழியும். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பிக் குழாயடியில் பிடித்து, பழைய டூத் பிரஷால் தேய்க்கவும். சோப்புப் பசை கண்ணியை அடைத்திருந்தால் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போடவும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணி கண்ணியாகத் தெரிய வேண்டும்.

சுண்டுவிரல் நுழையும் ஓட்டை இருந்தால் தைக்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். விலை அதிகமில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் அளவு வேறு என்பதால் பழைய வலையை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கையோடு கொண்டுபோகவும். வலை இல்லாமல் "இந்த ஒரு வாரம்" ஓட்டினால், அந்த ஒரு வாரப் பஞ்சு முழுவதும் துணியிலும் வடிகால் குழாயிலும்தான் சேரும்.

டவல் துவைத்த நாளில் உடனே, மற்றபடி இரண்டு துவைப்புக்கு ஒருமுறை வலையைக் காலி செய்தால் போதும்.

அறிகுறி 3: வலை சுத்தம், புதுசு, ஆனாலும் பிசிறு

வலையில் எவ்வளவு பஞ்சு சேர்கிறது என்று பாருங்கள். துணியில் நிறைய, வலையில் ஒன்றுமில்லை என்றால், தண்ணீர் வலைக்கே போகவில்லை.

இந்த வலை தானாக எதையும் இழுப்பதில்லை. அடியில் சுழலும் பல்சேட்டரின் பின்புறத்தில் உள்ள துடுப்புகள் தண்ணீரைச் சுவரோரப் பாதை வழியாக மேலே தள்ளும். அந்தத் தண்ணீர் வலை வழியாகக் கொட்டும்போதுதான் பஞ்சு பிடிபடும். மெஷின் சுற்றும்போது மூடியைத் திறந்து பார்க்க முடிந்தால், வலைக்குள் தண்ணீர் விழுகிறதா என்று கவனியுங்கள். விழவில்லை என்றால் மூன்றில் ஒன்று காரணம்.

தண்ணீர் மட்டம் குறைவு என்பதுதான் பெரும்பாலும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று லோ வைத்தால் வலை கரையில் நிற்கும். டவல், போர்வை இருக்கும் சுமைக்கு ஹை வையுங்கள். ஆட்டோமேட்டிக்கில் தண்ணீர் மட்டத்தைக் கையால் ஒரு படி கூட்டுங்கள்.

துணி அதிகம். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் திணித்தால் துணி புரள இடமில்லாமல் ஒன்றோடொன்று உரசிப் பஞ்சைக் கொட்டும். அலசும் தண்ணீரும் ஊடே போகாது. காய்ந்த துணியைத் தளர்வாகப் போட்டு, மேலே ஒரு சாண் இடம் இருக்க வேண்டும்.

பாதை அடைப்பு. வலையைக் கழற்றிவிட்டு, அது மாட்டும் இடத்தில் விரல் விட்டுப் பாருங்கள். பஞ்சும் சோப்பும் சேர்ந்து களிம்பாக இருந்தால் பாட்டில் பிரஷால் தேய்த்து எடுக்கவும். பல்சேட்டருக்கு அடியிலும் அதே களிம்பு இருக்கும். நடு ஸ்க்ரூவைக் கழற்றத் தெரிந்தவர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றிச் சுத்தம் செய்யலாம். தெரியாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. துருப்பிடித்த ஸ்க்ரூவைத் தலை மழுங்கச் செய்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

செமி ஆட்டோமேட்டிக்கிலும் கைத்துவைப்பிலும் இன்னொரு காரணம் உண்டு, இதைக் கவனிப்பவர்கள் குறைவு. பஞ்சு தண்ணீரில் மிதக்கும். துணியை உள்ளே விட்டுவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டால், தண்ணீர் துணி வழியாக இறங்கும். சோறு வடிப்பதுபோலத்தான்: கஞ்சி போய்விடும், பருக்கை தங்கும். இங்கே துணியே வடிதட்டு, பஞ்சு மேல் துணியில் தங்கிவிடும். ஆகவே:

- அலசும்போது குழாயைத் திறந்து, ஓவர்ஃப்ளோ வழியாக 3 நிமிடம் தண்ணீர் வழிய விடவும். மிதக்கும் பஞ்சு அதோடு போகும்.
- பிறகு துணியைத் தண்ணீருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்து, அதன் பின் தண்ணீரை வடிக்கவும். வாளியிலும் இதேதான்: வாளியைக் கவிழ்க்காதீர்கள், துணியை எடுங்கள்.
- துவைத்த தண்ணீரை வீணாக்காமல் அடுத்த சுமைக்குப் பயன்படுத்துவதானால், கறுப்பு முதலில், டவல் கடைசியில். வரிசை மாறினால் டவலின் பஞ்சு முழுக்கக் கறுப்புக்குப் போகும்.

கருநிறத் துணிகளை உள்பக்கம் வெளியே திருப்பி, ஜிப்பை மூடி, ஜென்டிலில் 5, 6 நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். 15 நிமிடம் ஸ்ட்ராங்கில் போட வேண்டியது மிதியடிக்குத்தான்.

அறிகுறி 4: ஃப்ரன்ட் லோட் மெஷினில் பிசிறு

கீழ் மூலையில் சின்னக் கதவுக்குப் பின்னால் இருப்பதைப் பஞ்சு ஃபில்டர் என்று பலரும் நினைக்கிறார்கள். அது வடிகால் பம்பைக் காப்பாற்றும் ஃபில்டர்; காசு, ஹேர்பின், பட்டன் பம்ப்புக்குள் போகாமல் தடுக்கும். துணியிலிருந்து பஞ்சைப் பிடிப்பது அதன் வேலை அல்ல. ஆனால் அது அடைத்தால் தண்ணீர் மெதுவாக வடியும், பஞ்சு துணியிலேயே படியும். மாதம் ஒருமுறை பார்க்கவும்:

பிளக்கைப் பிடுங்கி, வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருக்கவும். தட்டையான தட்டை அடியில் வைத்து, பக்கத்தில் உள்ள சிறு குழாய் இருந்தால் அதன் வழியே முதலில் தண்ணீரை வடிக்கவும். ஃபில்டரை இடப்பக்கமாக மெல்லத் திருகவும். ஒரே மூச்சில் திருகினால் தரை முழுக்கத் தண்ணீர். கழுவி, உள்ளே டார்ச் அடித்து, பம்ப்பின் சிறிய விசிறி தடையின்றி அசைகிறதா என்று பார்த்து, இறுக்கமாகத் திருப்பி மூடவும்.

ஃப்ரன்ட் லோடில் தண்ணீர் குறைவு என்பதால் பிசிறுக்கு உண்மையான மருந்து இரண்டுதான்: சுமையைக் குறைப்பதும் எக்ஸ்ட்ரா ரின்ஸ் வைப்பதும். கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பையும் துவைப்புக்குப் பின் ஈரத்துணியால் துடையுங்கள். நேற்றைய டவலின் பஞ்சு அங்கே ஒளிந்திருந்து இன்றைய பேன்ட்டில் ஏறும். பஞ்சு பிடிக்கும் மிதவைப் பந்துகள் தண்ணீர் நிறைந்த டாப் லோடுக்கானவை. இங்கே மிதக்கவே தண்ணீர் இல்லை.

அறிகுறி 5: செதில் செதிலாகக் காகிதம்

சட்டைப் பையில் டிஷ்யூவோ பில்லோ இருந்திருக்கிறது. ஈரமாக இருக்கும்போது ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தால் அரை நாள் போகும், துணுக்கும் இன்னும் சிதறும். காய வைத்து உதறுங்கள். காகிதம் காய்ந்தால் விறைக்கும், பஞ்சைவிடச் சுலபமாக உதிரும். மிச்சத்தைத் துணி பிரஷ் பார்த்துக்கொள்ளும்.

மெஷினை மறக்கக் கூடாது. காலி டிரம்மை ஈரத்துணியால் துடைத்து, வலையைக் கழுவி, துணி போடாமல் ஒரு ரின்ஸ் ஓட்டவும்.

அறிகுறி 6: மாவு போல வெள்ளை

தூளைத் துணி மேல் நேரடியாகக் கொட்டினால் மடிப்புக்குள் கரையாமல் நிற்கும். அப்படியென்றால் வெள்ளை திட்டுத்திட்டாக, மடிப்புகளில் அதிகமாக இருக்கும். சோப்பு இல்லாமல் இரண்டு முறை அலசினால் போய்விடும். இனி தூளை அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த பிறகு ஊற்றுங்கள், அல்லது லிக்விடுக்கு மாறுங்கள்.

துணி முழுக்க ஒரே சீராகச் சாம்பல் பூத்தாற்போல, தொட்டால் மொடமொடப்பாக இருந்தால் போர் தண்ணீரின் வேலை. தூளில் உள்ள சலவைச் சோடா, உப்புத் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகி இழையில் படிகிறது. அலசியும் போகாது. அந்த வெள்ளை மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு.

பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வெள்ளை வினிகர், அரை மணி நேரம் ஊறல், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். சாயத் துணி என்றால் உள் தையலில் முதலில் சோதிக்கவும். வினிகரையும் பிளீச்சையும் ஒரே தண்ணீரில் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். வீட்டில் போரும் குடிநீர்க் குழாயும் இரண்டும் இருந்தால், துவைக்கப் போர், கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர்க் குழாய். அந்த ஒரு வாளி போதும்.

அறிகுறி 7: மணி மணியாக, இழுத்தாலும் வராத உருண்டை

துணியின் சொந்த இழை உரசலில் சுருண்டு முடிச்சிட்டது. பாலியஸ்டர் கலந்த பருத்தியில் அதிகம். பருத்தி உருண்டை தானாக அறுந்து விழும், பாலியஸ்டர் இழை வலுவானது என்பதால் அறாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். கையால் பிய்க்காதீர்கள், அடுத்த உருண்டைக்கு நூல் அங்கேயே தயாராகிவிடும். துணியை இழுத்து விரித்து, உருண்டைகளைச் சிரைத்தெடுக்கும், பேட்டரியில் ஓடும் ஃபேப்ரிக் ஷேவரை அழுத்தாமல் ஓட்டவும். தையல், பட்டன், எம்பிராய்டரி பக்கம் போகக் கூடாது.

அறிகுறி 8: கறுப்பு, பழுப்புத் துணுக்குகள்

டிரம்முக்கு வெளியே கண்ணில் படாத சுவரில் சோப்பும் பஞ்சும் பூஞ்சையும் சேர்ந்து படலமாகி உரிகிறது. டப் க்ளீன் புரோகிராமில், மெஷினுக்கென்று விற்கும் டீஸ்கேலிங் பவுடர் போட்டு, துணி இல்லாமல் ஓட்டவும். முதல் முறையில் துணுக்கு அதிகம் வரும், பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளியும் வரை இன்னும் ஒன்றிரண்டு முறை. துவைத்த பின் மூடியைத் திறந்து வைத்தால் மறுபடி இவ்வளவு சீக்கிரம் படியாது.

அறிகுறி 9: காயும்போது வந்த பிசிறு

பாலியஸ்டர் வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்து, உரசலில் மின்னேற்றம் பெற்று, காற்றில் பறப்பதையெல்லாம் இழுக்கும். கண்டிஷனர் விட்டு அலசி, நிழலில், டவலுக்குப் பக்கத்தில் இல்லாமல் காயப்போடுங்கள். கொடிக்கயிற்றையும் கிளிப்புகளையும் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், துணி கறுப்பாகும்.

டிரையர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சுமைக்குப் பிறகும் அதன் வலையைக் காலி செய்ய வேண்டும். இதில் சோம்பலுக்கு இடமே கிடையாது. சேர்ந்த பஞ்சு சூட்டில் தீப்பிடிக்கும்.

கோடையில் நீளமான, பளபளக்கும், ஊதினால் பறக்கும் இழைகள் மாடித் துணியில் இருந்தால் அது துவைப்பால் வந்ததே இல்லை. பக்கத்து இலவ மரத்தில் காய் வெடித்திருக்கும், அல்லது காலி மனையில் எருக்கு. உதறினாலே போகும். ஆனால் அதே பளபள இழை மழைக்காலத்திலும் படுக்கை விரிப்பில் தெரிந்தால், இலவம்பஞ்சுத் தலையணையின் தையல் எங்கோ விட்டிருக்கிறது. தையலைப் பாருங்கள். உறையைத் துவைக்கும் முன் உட்புறத்தை வெளியே திருப்பி மாடியிலேயே உதறிவிட்டால், மூலைகளில் உருண்டிருக்கும் பஞ்சு மெஷினுக்குள் போகாது.